மதினியும் நகரும் படிக்கட்டும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் படிக்க வேண்டாம். சாயங்காலம் காபி குடிக்கும்போது படியுங்கள்.

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். ஆம்ஸ்டர்டாம் நகரின் நட்டநடுவில், பூமிக்கு அடியில் இருக்கும் ரோகின் என்ற மெட்ரோ ஸ்டேஷன். இரண்டு எஸ்கலேட்டர்களுக்கு நடுவே நீளமாக ஒரு கண்ணாடிப் பேழை. அதற்குள் பழைய சாவி, காசு, கத்தி, சீப்பு, புகைபிடிக்கும் குழாய், பொம்மை, ஏன், பழைய செல்போன் கூட. "டீச்சர், ஸ்டேஷனுக்குக் குழி தோண்டும்போது கிடைத்ததை எல்லாம் அங்கேயே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஞாபகம் வந்தது" என்று கீழே எழுதியிருந்தான். நான் வகுப்பில் உடைந்த பானை ஓட்டைக் காட்டி வரலாறு நடத்தியதை இவன் இன்னும் மறக்கவில்லை!

அந்தப் படத்துக்குக் கீழேதான் விவாதம் தொடங்கியது. ஒருத்தன், "மதுரைக்கும் மெட்ரோ வந்தால் இப்படி வைக்கலாம்" என்றான். இன்னொருத்தன், "மதுரைக்கு எதுக்கு மெட்ரோ? நம்ம சேத்தூருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பஸ் இருக்கான்னு பாரு முதல்ல" என்றான். ஒருவர் கோயிலுக்கு ஆபத்து என்றார். ஒருவர் அரசியல் பேசினார். கடைசியில் எல்லோரும், "டீச்சர் என்ன சொல்றீங்க?" என்று என்னிடம் வந்து நின்றார்கள். குழுவில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மெட்ரோ என்றதும் என் பெரிய மதினிதான் ஞாபகத்துக்கு வருவார்.

நாலு வருஷத்துக்கு முன் மதினிக்குக் கண்ணில் நீரழுத்தம் என்று சொன்னார்கள். மகன் சென்னையில் இருப்பதால் அங்கே வைத்தியம். முதல் தடவை துணைக்கு நான் போனேன். ஆட்டோவுக்கு ஏன் அவ்வளவு காசு, மெட்ரோவில் போகலாம், இருபது நிமிஷத்தில் விடும் என்று நான்தான் கூட்டிப்போனேன். அது எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. ஒரு ஸ்டேஷனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. நல்ல குளிர்ச்சி. மதினிக்குச் சந்தோஷம்தான். எஸ்கலேட்டர் முன்னால் போனதும் நின்றுவிட்டார். படி ஒவ்வொன்றாக முளைத்துக் கீழே இறங்குகிறது. ஒரு காலைத் தூக்குவார், திரும்ப வைப்பார். சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். கண் வேறு சரியாகத் தெரியாது. எந்த இடத்தில் படி பிரிகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. "யத்தா, என்னால முடியாதுத்தா" என்றார். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. "சீக்கிரம் போங்கம்மா" என்று ஒரு குரல். இரண்டு சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அப்போது நானும் சிரித்துவிட்டேன். "ஆத்தாடி, தோட்டக் கிணத்துல கமலைக் கயிறு பிடிச்சு இறங்குனவங்களுக்கு இதுக்குப் பயமா?" என்றேன். கேலியாகச் சொன்னால் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

லிஃப்ட் அந்த நீளமான தளத்தின் மறுகோடியில் இருந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு மதினியின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனார். அவர் கேலி பேசவில்லை. "நானும் மொத நாள் இப்படித்தான்மா நின்னேன்" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்கு வந்தபின் ஒரு கல்யாண வீட்டில் இந்தக் கதையை நடித்தே காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகவேண்டிய பரிசோதனைக்கு அவர் போகவே இல்லை. "எல்லாம் நல்லாத்தான் தெரியுது", "அடுத்த மாசம் பாப்போம்", "வெயில் தணியட்டும்" என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. பிறகு மதுரைக்குக் கூட்டிப்போனோம். வலது கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. நீரழுத்தத்தில் போன பார்வை திரும்பி வராது என்றார்கள்.

ஒருநாள் வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் குழிக்குள்ள போயி திரும்ப நாலு பேரு முன்னால நிக்கணுமேன்னுதான் போகல."

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று ஊமையாகும் பிள்ளைகளை எத்தனை பார்த்திருக்கிறேன்! அந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராததல்ல காரணம். என்றோ ஒருநாள் தப்பாக வாசித்தபோது யாரோ சிரித்திருப்பார்கள். ஆசிரியர் பயிற்சியில் முதல் வருஷமே சொல்லித் தருகிற பாடம் இது. அதைப் பிள்ளைகளிடம் கடைப்பிடித்த நான் அறுபத்தெட்டு வயது மதினியிடம் கடைப்பிடிக்கவில்லை. என் தப்பை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டுத்தான் ஊருக்கு உபதேசம் சொல்லவேண்டும் என்பதால் இதை எழுதினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நகரின் நடுவில் கட்டுகிற ஸ்டேஷன் யாருக்கு? அந்த ஊர்க்காரர்களுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. ஊர்க்காரருக்குச் சந்து பொந்து தெரியும், ஷேர் ஆட்டோ தெரியும், தெரிந்த கடை உண்டு. வெளியூரிலிருந்து முதல் தடவை வருகிறவருக்குத்தான் ஸ்டேஷன் கண்ணும் காலும்.

சென்னை சென்ட்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மெட்ரோவில் முதல் ரயில் 2015 ஜூன் 29-ல் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே மேம்பாலத்தில் ஓடியது. நிலத்தடி ரயில் 2017 மே 14-ல் திருமங்கலம் – நேரு பூங்கா இடையே தொடங்கியது. சென்ட்ரலுக்கு 2018 மே 25-ல் வந்து சேர்ந்தது. இரண்டு பாதைகள் சந்திக்கும் இடம் அது. இரண்டுக்கும் வெவ்வேறு தளம். மொத்தப் பரப்பு 70,000 சதுர மீட்டருக்கு மேல். ஆழம் சுமார் 28 மீட்டர், அதாவது 90 அடி. நம் பக்கத்துத் தோட்டக் கிணறு 60 அடி என்றால் எட்டிப் பார்க்கவே பயப்படுவோம். அதைவிட ஆழத்தில் ரயில் ஓடுகிறது.

எப்படிக் கட்டுகிறார்கள் என்று சின்னவர்கள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்கு முதலில் நாலு பக்கமும் ஆழமான கான்கிரீட் சுவரை மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள். கிணற்றுக்கு உறை இறக்குவது போலத்தான். பிறகு நடுவில் உள்ள மண்ணை அள்ளுவார்கள். சாலை மேலே திரும்ப ஓடவேண்டும் என்றால் கூரையை முதலில் போட்டுவிட்டு அதற்குக் கீழே தோண்டிக்கொண்டே போவதும் உண்டு. ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே சுரங்கம் குடைய ஒரு ராட்சச இயந்திரம். மண்புழு மாதிரி முன்னால் மண்ணைத் தின்றுகொண்டு, பின்னால் கான்கிரீட் வளையங்களைப் பூட்டிக்கொண்டே நகரும். இரண்டாம் கட்ட வேலையில் அந்த இயந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை என்று நம் மலைகளின் பெயரையும் பறவைகளின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். சதுரகிரி என்று ஒன்றுக்கு வைத்திருந்தால் நம் பக்கத்துக்காரர்கள் போய் தேங்காய் உடைத்திருப்பார்கள்!

சென்ட்ரலில் இறங்குகிறவர் யார்? வடக்கேயிருந்து ரயிலில் வந்து இறங்கும் கூலித் தொழிலாளி. எதிரே அரசு பொது மருத்துவமனைக்கு வரும் நோயாளி. அவருக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துவரும் அம்மா. அந்த இடத்துக்கு அவர்கள்தான் முதல் சொந்தக்காரர்கள். அவர்கள் தயங்காமல் நடந்தால்தான் அந்த ஸ்டேஷன் பாஸ். 28 மீட்டர் தோண்டத் தெரிந்த நமக்கு, முதல் தடவை வருகிறவர் நிற்கும் அந்த ஓர் அடி தூரத்தைத் தாண்டவைக்கத் தெரியாதா?

இப்போது ஆம்ஸ்டர்டாம். அந்த ஊர் சேற்று நிலம். பழைய வீடுகள் மண்ணுக்குள் அடித்த மரக்கட்டைகள் மேல் நிற்பவை. அங்கே 1970-களில் முதல் மெட்ரோவுக்காக நியூமார்க்ட் என்ற பகுதியில் வீடுகளை இடித்தார்கள். 1975-ல் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். போலீஸோடு பெரிய மோதல் நடந்தது. பாதை வந்துவிட்டது. ஆனால் மெட்ரோ என்ற பேச்சையே பல வருஷம் எடுக்கமுடியாமல் போயிற்று. அந்தப் போராட்டத்தின் நினைவை நியூமார்க்ட் ஸ்டேஷன் சுவரிலேயே கலைப்படைப்பாக வைத்திருக்கிறார்கள்.

பிறகு 2003-ல் வடக்கு–தெற்குப் பாதை வேலை தொடங்கியது. ரோகின் இதில்தான் வருகிறது. 2008-ல் வேறொரு ஸ்டேஷன் குழியில் சுவர் வழியே நீரும் மண்ணும் கசிந்து பக்கத்துப் பழைய வீடுகள் இறங்கிவிட்டன. வேலை நின்றது. 2011-ல் திறப்பதாகச் சொன்னது 2018 ஜூலையில்தான் திறந்தது. செலவும் போட்ட மதிப்பீட்டைப் போல் இரண்டு மடங்காகி 300 கோடி யூரோவைத் தாண்டியது. பத்துக் கிலோமீட்டர் கூட இல்லாத பாதைக்கு!

நம் சென்னையிலும் 2017 ஏப்ரல் 9-ல் அண்ணா சாலையில் திடீரென்று மண் உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் காரும் குழிக்குள் இறங்கியதை டிவியில் பார்த்தோம். ஆகவே "கோயிலுக்கு ஆபத்து வருமா" என்று மதுரைக்காரர் கேட்டால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளக்கூடாது. அது நியாயமான கேள்வி. அதற்கு மண் பரிசோதனையையும் அளவீட்டையும் மக்கள் முன்னால் வைத்துப் பதில் சொல்லவேண்டும்.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். ரோகின் ஸ்டேஷன் இருக்கும் இடம் ஆம்ஸ்டெல் ஆற்றின் பழைய படுகை. குழி தோண்டும்போது தொல்லியல்காரர்களும் கூடவே நின்றார்கள். கிடைத்த பொருட்கள் சுமார் 7 லட்சம். அதில் ஏறத்தாழ 9,500 பொருட்களை ஸ்டேஷனிலேயே வைத்துவிட்டார்கள். மற்றவற்றிலும் ஒரு பகுதியைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி மியூசியம் போகாதவரும் வேலைக்குப் போகிறபோக்கில் பார்த்துவிட்டுப் போகிறார். படகில் வந்தவன் தவறவிட்ட சாவி, சந்தைக்கு வந்தவள் தொலைத்த காசு எல்லாம் அதில் உண்டு. ஊருக்கு வந்துபோனவர்களின் பொருளையும் பத்திரமாக எடுத்து, "நீயும் இங்கே இருந்தாய்" என்று நகரின் நடுவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது அதுதான்.

இனி மதுரை. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டர் என்று திட்டம். பெரும்பகுதி மேம்பாலம், பழைய நகரப் பகுதியில் மட்டும் சுமார் 5 கிலோமீட்டர் நிலத்தடி. 2025 நவம்பரில் மத்திய அரசு மதுரை, கோவை இரண்டு திட்டங்களையும் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் அவ்வளவு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

கட்சி அரசியலை விட்டுவிடுங்கள். இந்த 2011 கணக்கை எடுத்தது யார்? என்னைப் போன்ற வாத்தியார்கள்தான்! 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போனோம். வீடில்லாதவர்களை 28-ம் தேதி ராத்திரி தேடிப்போய் எழுதினோம். என் தெருவில் எழுதிய ஒவ்வொரு பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கணக்கு கேட்பது ஒரே கேள்விதான்: நீ எங்கே குடியிருக்கிறாய், எங்கே படுத்து எழுந்திருக்கிறாய்? சேத்தூரில் படுப்பவர் சேத்தூர்க் கணக்கு.

காலை ஐந்து மணிக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். மதுரை பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள்? பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எடுக்கப் போகிறவர், கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், ஹைகோர்ட் கிளையில் வாய்தா உள்ளவர், கல்லூரிப் பிள்ளை, ஜவுளி எடுக்கப் போகும் கல்யாண வீட்டார். தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், திண்டுக்கல் எல்லாப் பக்கத்திலிருந்தும் இப்படித்தான் வருகிறார்கள். இவர்கள் யாரும் மதுரையின் மக்கள்தொகையில் இல்லை. ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்கு மதுரையில் நிற்பது இவர்கள்தான். ராத்திரிக் கணக்கை வைத்துப் பகலுக்கு வண்டி விடுவதா? அதுவும் 2011-ன் ராத்திரி. 2021-ல் எடுத்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது.

நம் பக்கத்துக்கு இதில் நேரடிச் சம்பந்தமும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி வழியாகப் போகும் நம் பஸ் மதுரையைத் தொடுவதற்கு முன் திருமங்கலத்தைத்தான் தொடுகிறது. அந்தப் பாதையின் முதல் ஸ்டேஷன் நம் வாசல்.

"பஸ்ஸே இல்லாத ஊருக்கு மெட்ரோ எதுக்கு?" என்று கேட்ட மாணவனுக்கும் பதில் சொல்லவேண்டும். உன் கேள்வி சரியப்பா. சென்னை இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். இவ்வளவு பணத்தில் எத்தனை பஸ் வாங்கலாம் என்று நானும் கணக்குப் போட்டுப் பார்க்கிறவள்தான். பெருமைக்காக மெட்ரோ கேட்டால் நான் சேரமாட்டேன். பகலில் வந்துபோகிற மக்களையும் எண்ணிப் பார்த்தபிறகு, மெட்ரோ கட்டுபடியாகாது, பஸ்தான் சரி என்று வந்தால் அதையே செய்யட்டும். அப்படியானால் அந்த பஸ்ஸாவது நிறைய வரட்டும். ஆனால் எங்களை எண்ணாமலேயே வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்யக்கூடாது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்காமல் எத்தனை பேருக்குச் சத்துணவு என்று எழுதமுடியுமா?

என் கட்சி இவ்வளவுதான்:

ஒன்று, மதுரைக்கு எந்த வண்டி என்று முடிவு செய்வதற்கு முன், பகலில் மதுரையில் நிற்பவர்களை எண்ணுங்கள். பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி வெளிநோயாளிச் சீட்டு எல்லாம் அரசிடமே இருக்கிறது.

இரண்டு, மதுரையின் அடியில் தோண்டினால் தொல்லியல்காரர் இல்லாமல் ஒரு கூடை மண் கூட அள்ளக்கூடாது. பக்கத்துக் கீழடியில் தென்னந்தோப்புக்கு அடியில் என்னென்ன கிடைத்தது என்று பார்த்தோம். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் வந்துவிட்டது. மதுரைக்கு அடியில் கிடைப்பதை மதுரை ஸ்டேஷனிலேயே கண்ணாடிக்குள் வையுங்கள். பஸ்ஸுக்குக் காசு எண்ணி வரும் பிள்ளையும் பார்க்கட்டும்.

மூன்று, ஸ்டேஷன் சென்னையோ மதுரையோ, எஸ்கலேட்டர் தலைமாட்டில் கூட்ட நேரத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். லிஃப்ட் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படட்டும். உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், பெரிய எழுத்தில் தமிழ். இதற்குக் கோடி கோடியாகச் செலவு ஆகாது. படம் வரைகிற எஞ்சினியர் தன் பாட்டியை ஒருநாள் கூட்டிவந்து நடக்கவிட்டுப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

உங்களில் சிலர் இப்போது எஞ்சினியர்கள். சிலர் அரசுப் பணியில் இருக்கிறீர்கள். பலர் சென்னையில் தினமும் மெட்ரோவில் போகிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வீட்டுப்பாடம். எஸ்கலேட்டர் முன்னால் யாராவது ஒரு காலைத் தூக்கி வைக்கத் தயங்கி நிற்பதைப் பார்த்தால் ஓரமாகத் தாண்டிப் போகாதீர்கள். போனை எடுத்து வீடியோவும் பிடிக்காதீர்கள். கையை நீட்டுங்கள். "நானும் மொத நாள் இப்படித்தான் நின்னேன்" என்று ஒரு பொய்யாவது சொல்லுங்கள். அந்தத் துடைப்பக்காரப் பெண் எனக்குச் சொல்லித்தந்த பாடம் அது. பயிற்சிப் பள்ளியில் நான் படித்ததைவிட அது பெரிசு.

போன தை மாதம் மதினியை மறுபடி சென்னைக்குக் கூட்டிப்போனேன். இடது கண்ணைக் காப்பாற்றவேண்டும். மெட்ரோவிலா, ஆட்டோவிலா என்று அவரிடமே கேட்டேன். "மெட்ரோவுலயே போவோம். ஆனா அந்தப் படி வேண்டாம்" என்றார். லிஃப்டைத் தேடி மெதுவாக நடந்தோம். நடுவில் இரண்டு தடவை நின்றோம். எஸ்கலேட்டரைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். "இறங்குறதப் பாத்தா அருவித் தண்ணி மாதிரிதான் இருக்கு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. "ஆமா மதினி, நம்ம சாஸ்தா கோயில் அருவி மாதிரிதான்" என்றேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்துங்கள். உங்கள் நோட்டில் நான் எத்தனை சிவப்பு மை அடித்திருக்கிறேன்!

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சேத்தூர்.